தேநீருக்கான சீன எழுத்து: ஒரே எழுத்தை நான்கு நாடுகளில் பின்தொடர்வது எப்படி?

சிங்கப்பூரில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைத்தொகுதிக்குப் போய், பானக் கடை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பலகையில் பெரிதாக ஓர் எழுத்து இருக்கும். மாண்டரின் பேசும் இளைஞர் அதைப் பார்த்து "ச்சா" என்று கேட்பார். ஹொக்கியன் என்ற தென்சீனப் பேச்சுமொழி பேசும் பாட்டிக்கு அது "தே". வரிசையில் பின்னால் நிற்கும் தமிழர் "தே ஓ கோசோங்" என்பார். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று பொருள். மூவருக்கும் தேநீர்தான் வருகிறது. பலகையில் இருப்பதும் அதே எழுத்துதான்.

சீனமோ ஜப்பானியமோ கொரியமோ கற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இத்தனை ஆயிரம் எழுத்தை எப்படி மனப்பாடம் பண்றது?" என்பதுதான். ஒரு நாளைக்கு இருபது எழுத்து என்று கணக்குப் போட்டு ஓட வேண்டாம். முதலில் ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு அதன் பூர்வீகம் வரை போய்ப் பாருங்கள். எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி மாறுகின்றன, எல்லை தாண்டினால் என்ன ஆகின்றன என்பதெல்லாம் அந்த ஒன்றிலேயே பிடிபடும். அதற்குத் தேநீரின் எழுத்தை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன் ஒன்று. சீன எழுத்தை நம் எழுத்தைப் போல நினைக்காதீர்கள். 'க' என்றால் ஓர் ஒலி. சீன எழுத்து அப்படியல்ல, 5 என்ற இலக்கத்தைப் போன்றது. தமிழர் அதை ஐந்து என்பார், அஞ்சு என்பார். இந்திக்காரர் பாஞ்ச் என்பார். வடிவமும் பொருளும் ஒன்று, ஒலி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. இந்த ஒப்புமை முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் சீன எழுத்துக்குள் ஒலியும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: கையால் எழுதுங்கள்

எழுத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் அல்லவா? மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து 8336 என்று தட்டி, ஆல்ட் விசையைப் பிடித்தபடி எக்ஸ் விசையை அழுத்துங்கள். எண் மறைந்து எழுத்து வந்துவிடும். யூனிகோடில் அதன் இடம் அதுதான். கைபேசி என்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் 'தேநீர்' என்று கொடுத்துச் சீனத்துக்கு மாற்றினால் போதும்.

இப்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பெரிய கட்டம் வரையுங்கள். மேல் பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு. அதை வெட்டிக்கொண்டு இரண்டு குட்டி நெடுக்குக் கோடுகள், முதலில் இடது, அப்புறம் வலது. இது புல், பூண்டு, செடி இவற்றைக் குறிக்கும் தலைப்பகுதி. அதற்குக் கீழே நடுவிலிருந்து இடது பக்கம் சரியும் ஒரு நீண்ட கோடு, வலது பக்கம் சரியும் இன்னொன்று. ஓலைக் கூரை மாதிரி இருக்கும். கூரைக்கு அடியில் ஒரு கிடைக்கோடு, அதன் நடுவைத் துளைத்து மேலிருந்து கீழே ஒரு நெடுக்குக்கோடு, கடைசியாக அதன் இருபுறமும் ஒட்டாமல் இரண்டு சின்னத் தீற்றல்கள். மொத்தம் 9 கோடுகள்.

பழைய அச்சில் மேலுள்ள கிடைக்கோடு நடுவில் உடைந்து, இரண்டு கூட்டல் குறிகள் அருகருகே நிற்பதுபோல் இருக்கும். அப்போது கணக்கு 10. இந்தப் பழைய வடிவத்தையும் ஒருமுறை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வரிசையை மாற்றாதீர்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது அழகுக்காக மட்டும் வைத்த விதியல்ல. வேகமாக எழுதும்போது கோடுகள் எந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டும் என்பது இந்த வரிசையைப் பொறுத்தது. வரிசை தெரியாதவரால் பிறர் கையெழுத்தைப் படிக்க முடியாது. ஜப்பானில் தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த எழுத்தைப் படித்துவிடுகிறார்கள், உங்களுக்கும் ஒரு மாலை போதும்.

இரண்டாம் படி: அழகான கதையை நம்பாதீர்கள்

எழுதி முடித்ததும் உற்றுப் பாருங்கள். மேலே புல். கூரை மாதிரி இருக்கும் நடுப்பகுதி 'மனிதன்' என்ற எழுத்தைப் போலவே இருக்கிறது. அடியில் உள்ளது 'மரம்' என்ற எழுத்தின் சாயல். "புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன்; அதுதான் தேநீர்" என்று சீனாவில் தேநீர்க் கடைகளில் எழுதி மாட்டியிருப்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! எழுத்தை நினைவில் வைக்கவும் இது நல்ல வழிதான். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பிறந்த கதை இது இல்லை.

நம்மிடமும் இதே பொறி உண்டு. தேயிலையைக் 'கையால் தேய்த்துச் செய்யும் இலை' என்று சிலர் விளக்குவார்கள். தேன் மொழி தேமொழி ஆவதுபோலத் தேன் நீர்தான் தேநீர் ஆனது என்பாரும் உண்டு. இலக்கணம்கூட இடம் கொடுக்கிறது, ஆனாலும் உண்மை அதுவல்ல. இரண்டிலும் முன்னால் நிற்கும் 'தே' தெற்குச் சீனக் கடற்கரையிலிருந்து வந்தது. ஒரு சொல்லோ எழுத்தோ உடைத்தால் பொருள் தருகிறது என்பதற்காக அப்படித்தான் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சீன எழுத்துகளைப் பற்றி இணையத்தில் வரும் விளக்கங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

சீன எழுத்துகள் எல்லாமே படங்கள் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். மலை, ஆறு, மரம் போன்ற சில படங்களாகப் பிறந்தவை. பெரும்பாலானவை இரண்டு துண்டுகளால் ஆனவை: ஒன்று பொருளுக்குக் குறிப்பு தரும், மற்றது ஒலிக்குக் குறிப்பு தரும். தேநீரின் எழுத்தும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அதில் ஒலித்துண்டு சிதைந்துபோயிருக்கிறது. எப்படிச் சிதைந்தது என்பதில்தான் இந்த எழுத்தின் வரலாறே இருக்கிறது.

மூன்றாம் படி: காணாமல்போன கோட்டைத் தேடுங்கள்

நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு அதே எழுத்தை எழுதுங்கள். கூரைக்கு அடியில் ஒரு கிடைக்கோட்டுக்குப் பதில் இரண்டு கிடைக்கோடுகள் போடுங்கள். ஒரே ஒரு கோடுதான் கூடுதல். இதுதான் தாய் எழுத்து. இன்றைய மாண்டரினில் இதன் ஒலி 'தூ'.

இதில் மேலே புல், அது பொருளுக்கு. கீழே இருப்பது 'யூ' என்ற தனி எழுத்து, அது ஒலிக்கு. அகராதியைத் திறந்து இந்த 'யூ' துண்டு வரும் மற்ற எழுத்துகளைத் தேடுங்கள்: பாதை என்ற பொருளில் ஒரு 'தூ', நீக்குவது என்ற பொருளில் ஒரு 'ச்சூ', மெதுவாக என்ற பொருளில் ஒரு 'ஷூ'. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று காது சொல்லிவிடும். இப்படி ஒலிக் குடும்பத்தைத் தேடிப் பார்ப்பதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்றைக் கண்டால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

'தூ' என்பது தொடக்கத்தில் கசப்பான ஒரு கீரை. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில், கணவன் கைவிட்ட ஒரு பெண், தூ கசக்கும் என்று யார் சொன்னது, என் நிலைமைக்கு அதுகூட இனிக்கும் என்ற பொருளில் பாடுகிறாள். நாணலின் வெள்ளைப் பூவுக்கும் இதே எழுத்துதான். பிறகு தென்மேற்கே சிச்சுவான் பக்கத்துக் கசப்பு இலைக்கும் இதையே எழுதினார்கள். கிமு 59-இல் வாங் பாவ் என்பவர் ஓர் அடிமைக்கு எழுதிய வேலை ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அந்த நீளமான பட்டியலில், 'தூ' காய்ச்ச வேண்டும், வூயாங் ஊருக்குப் போய்த் 'தூ' வாங்கி வர வேண்டும் என்றெல்லாம் வருகிறது. வீட்டிலேயே பறிக்கும் கீரையை வெளியூர் போய் வாங்கிவர ஆள் அனுப்ப மாட்டார்கள். அதனால் இந்த இடத்தில் அது தேயிலைதான் என்று படிக்கிறார்கள்.

கிபி 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த புகழ்பெற்ற அகராதியில் தேநீருக்கு இன்றைய எழுத்து கிடையாது. 'தூ' மட்டும் உண்டு. அதற்கும் முன்னால் போய், எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய எழுத்துகளில் தேடினாலும் இந்த எழுத்து கிடைக்காது. தேநீருக்கு ஆமையோட்டு வடிவம் என்று யாராவது படம் காட்டினால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, அந்த ஒரு கோடு எப்போது போனது? பதினேழாம் நூற்றாண்டில் கு யான்வூ என்ற அறிஞர் இதைத் தேடிய விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நூல்களைப் பிரதி எடுப்பவர்கள் பழைய எழுத்தைத் தம் காலத்து எழுத்தாக மாற்றிவிடுவார்கள். கல்லில் வெட்டியது மாறாது. ஆகவே அவர் கல்வெட்டுகளைப் பார்த்தார். சீனாவின் தாய்ஷான் என்ற மலையில் உள்ள தாவோயிசச் சமயக் கோயிலில் 779-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் 798-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் தேநீர் வருகிறது. இரண்டிலும் பழைய 'தூ' எழுத்துதான். ஆனால் 841-இல் எழுத்துக்கலை வல்லுநர் லியு கோங்ச்சுவான் எழுதிய கோபுரக் கல்வெட்டிலும் 855-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றிலும் ஒரு கோடு குறைந்துவிட்டது. ஆகவே அப்போது சீனாவை ஆண்ட தாங் அரசின் நடுக்காலத்துக்குப் பிறகுதான் எழுத்து மாறியது என்று அவர் முடிவு கட்டினார். 841-ஆம் ஆண்டுக் கல் இன்றும் ஷீயான் நகரத்துக் கல்வெட்டுக் காட்சியகத்தில் நிற்கிறது.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. அந்தப் பிந்தைய கல்வெட்டுகளில் கு யான்வூ கண்டது தேநீர் என்ற சொல்லையே அல்ல, துறவியின் உடலை எரியூட்டுவதற்கான பௌத்தச் சொல்லை. இந்திய மொழியிலிருந்து ஒலிபெயர்த்த சொல் அது. அதன் முதல் எழுத்து இதே 'தூ'. ஜப்பானியத்தில் அது இன்றும் 'தாபி' என்று வழக்கில் இருக்கிறது.

கோடு ஏன் போனது என்பது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது. கீரைக்கு 'தூ' என்ற ஒலியும் தேநீருக்கு 'ச்சா' பக்கம் போகும் ஒலியுமாகப் பிரிந்துவிட்டன. தேநீர் நாடு முழுக்கப் பரவி, நாளும் எழுதவேண்டிய சொல்லாகிவிட்டது. ஒரே எழுத்து இரண்டையும் சுமக்க முடியாது. ஒரு கோட்டை எடுத்துவிட்டால் தேநீருக்குத் தனி எழுத்து. அதோடு 'யூ' என்ற ஒலித்துண்டும் உடைந்தது. அந்த உடைப்பில்தான் பின்னால் வந்தவர்கள் மனிதனையும் மரத்தையும் கண்டார்கள். அதே காலத்தில் வாழ்ந்து, 804-இல் மறைந்த லூ யூ தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் அந்தச் செடிக்கு ஐந்து பெயர் சொல்கிறார். இதன் எழுத்தைச் சிலர் புல்லோடும், சிலர் மரத்தோடும், சிலர் இரண்டோடும் சேர்த்து எழுதுவார்கள் என்றும் குறிக்கிறார். எழுத்து இன்னும் நிலைபெறாத காலத்தை நேரில் பார்த்தவரின் சாட்சி அது.

நான்காம் படி: நாக்கை மடக்கிப் பாருங்கள்

ஒலி வரலாற்றில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. தாங் காலத்து நூல்மொழியில் இந்தச் சொல்லின் முதல் ஒலி, நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் ஒலி. நம் 'ட'வுக்கு நெருக்கமானது. 'வண்டி' என்று சொல்லும்போது நாக்கு எங்கே போகிறதோ, அங்கே வைத்து 'டா' என்று சொல்லிப் பாருங்கள். பல மொழிக்காரர்கள் பயிற்சி செய்து பிடிக்கும் இந்த இடம் நமக்குப் பிறவியிலேயே பழகியது.

பிறகு அந்த ஒலி உரசலோடு 'ச்சா' ஆனது. மாண்டரினிலும் காண்டனிஸிலும் அதுதான். மாண்டரினில் குரல் மேல்நோக்கி ஏற வேண்டும், "ஆ?" என்று திருப்பிக் கேட்கிறோமே, அந்த ஏற்றம். குரலைப் படக்கென்று இறக்கினால் 'மோசம்' என்ற வேறு சொல் ஆகிவிடும். ஹொக்கியனின் தாயகமான ஃபூஜியன் கடற்கரைப் பேச்சோ, நாக்கு வளையத் தொடங்கும் முன்பே தனியாகப் பிரிந்துவிட்டது. அங்கே பல்லருகே நாக்கை வைத்துச் சொல்லும் பழைய ஒலி அப்படியே தங்கி, 'தே' ஆனது.

அப்புறம் கப்பல்களின் வேலை. டச்சு வணிகர்கள் ஃபூஜியன் வியாபாரிகளிடம் வாங்கி 'தே'யை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தின் 'டீ' அந்த வழி. தென்சீனத் துறைமுகமான மக்காவ் நகரில் இருந்த போர்ச்சுகீசியர் 'ஷா' என்றார்கள். தரைவழியாகப் பாரசீகம் போனது 'சாய்' ஆகி வட இந்தியாவுக்கு வந்தது. நம்மிடம் இரண்டு கிளைகளும் இருக்கின்றன: தேயிலை, தேநீர், இலங்கைத் தமிழர் சொல்லும் தேத்தண்ணி ஒரு பக்கம், சாயா மறுபக்கம். மலாயின் 'தே' நேராக ஹொக்கியன் வாயிலிருந்து வந்தது, அதனால்தான் சிங்கப்பூர்க் கடையில் தமிழரும் சீனப் பாட்டியும் ஒன்றுபோல் கேட்கிறார்கள்.

கொரியர்கள் இதே எழுத்தை 'ச்சா' என்றும் 'தா' என்றும் படிப்பார்கள். ஆங்கிலத்தில் பிளாக் டீ எனப்படும் தேயிலை வகை 'ஹோங்ச்சா', பழைய பாணித் தேநீர்க்கடை 'தாபாங்'. வியட்நாமியத்தில் 'ட்ரா', 'செ' என்று இரண்டு. தெற்கு வியட்நாமில் 'ட்ரா' என்பதை நாக்கை வளைத்தே சொல்வார்கள், தாங் காலத்து ஒலி அங்கே இன்னும் கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: சைகோனில் 'செ' கேட்டால் பயறும் தேங்காய்ப்பாலும் போட்ட இனிப்புக் கிண்ணம் வரும். வியட்நாமில் இப்போது லத்தீன எழுத்துதான். கோயிலிலும் புத்தாண்டு வாழ்த்துப் பலகையிலும்தான் சீன எழுத்தைக் காண்பீர்கள்.

ஜப்பானியத்தில் 'ச்சா', 'சா' என்று இரண்டு ஒலிகள். இரண்டாவது ஜென் மடங்கள் வழியாகப் பின்னால் வந்தது. காப்பிக் கடையான 'கிஸ்ஸாத்தென்' என்ற சொல்லில் அதைக் கேட்கலாம். ஜப்பானியர்கள் பொதுவாக ஒரு சீன எழுத்துக்குத் தங்கள் சொந்தச் சொல்லையும் ஏற்றிப் படிப்பார்கள். மலைக்கான எழுத்து 'சான்' என்றும் ஒலிக்கும், 'யாமா' என்றும் ஒலிக்கும். தேநீருக்கு அப்படி ஒரு சொந்தச் சொல் இல்லை. பொருளும் பெயரும் ஒரே கப்பலில் வந்து இறங்கின.

ஐந்தாம் படி: தனி எழுத்தை விட்டுக் கூட்டுச் சொற்களுக்குப் போங்கள்

நோட்டில் நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த எழுத்து வரும் சொற்களைச் சேருங்கள். பொருள் எங்கே ஒன்றாக நடக்கிறது, எங்கே பிரிகிறது என்பது தானாகத் தெரியும்.

முதலில் நிறத்தில் கவனமாக இருங்கள். பிளாக் டீ என்ற அந்தத் தேயிலை வகையைச் சீனர், ஜப்பானியர், கொரியர் எல்லாருமே 'சிவப்புத் தேநீர்' என்றே எழுதுகிறார்கள். சீனாவில் 'கறுப்புத் தேநீர்' என்று எழுதியிருந்தால் அது பூ-அர் போன்ற, நாள்பட வைத்துப் பதப்படுத்திய வேறு வகை. ஜப்பானியத்தில் 'தேநீர் நிறம்' என்றால் பழுப்பு. அங்கே எல்லாரும் குடிப்பது பச்சைத் தேநீர் ஆயிற்றே என்று குழம்பாதீர்கள். தேயிலையைக் கொதிக்கவைத்துத் துணிக்கு ஏற்றிய சாயத்தின் நிறம் அது. 'தேநீர்க் கிண்ணம்' என்ற சொல்லோ இன்று சோறு சாப்பிடும் கிண்ணத்தைக் குறிக்கிறது.

அன்றாடம் நடக்கிற சாதாரண விஷயத்தை ஜப்பானியரும் கொரியரும் 'தேநீரும் சோறும் போன்றது' என்பார்கள். சீனத்தில் ஒரு வழக்கு உண்டு: ஆள் போனதும் தேநீர் ஆறிவிடும். பதவியில் இருக்கும்வரைதான் மரியாதை என்று சொல்ல வரும்போது அதைச் சொல்வார்கள்.

கொரியாவில் புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். பெயர் 'ச்சாரியே', அதாவது தேநீர்ச் சடங்கு. ஆனால் இன்று பெரும்பாலும் வைப்பது மது. தேநீர் படையலை விட்டுப் போய்விட்டது, எழுத்து மட்டும் பெயரில் தங்கியிருக்கிறது. 828-இல் தாங் நாட்டிலிருந்து தூதர் கொண்டுவந்த தேயிலை விதையை மன்னர் ஜிரி மலையில் விதைக்கச் சொன்னார் என்று கொரிய வரலாற்று நூல் சொல்கிறது. 'தேநீர்ச் சடங்கு' என்ற இதே சொல் சீனாவில் நிச்சயதார்த்தச் சீரைக் குறித்தது. தேயிலைச் செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் பிழைக்காது என்று நம்பினார்கள், அதனால் அது மாறாத மனத்துக்கு அடையாளம்.

இந்தப் படியை அவசரமாக முடிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சொல் சேர்த்தாலே போதும். அட்டைப்பெட்டி, பாட்டில், உணவுப்பட்டியல் எதில் எழுத்தைக் கண்டாலும் படம் எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் எழுத்துகளைப் பார்த்து நோட்டில் ஏற்றுங்கள்.

கடைசிப் பயிற்சி

முதல் படியில் எழுதி வைத்த பழைய வடிவத்தை எடுங்கள். சீனத்தில் கூட்டல் குறி போன்ற எழுத்து பத்து. கூரை போல இருபுறமும் விரியும் இரண்டு கோடு எட்டு. இப்போது எண்ணுங்கள். மேலே இரண்டு பத்து, ஆக 20. அடியில் கூரை எட்டு, அதன் கீழே ஒரு பத்து, அதன் இருபுறத் தீற்றலும் சேர்ந்து ஓர் எட்டு. மேலிருந்து படித்தால் எட்டு-பத்து-எட்டு, அதாவது எட்டுப் பத்தும் ஓர் எட்டும், 88. இருபதையும் கூட்டினால் 108. ஜப்பானியத்தில் 108-ஆவது பிறந்தநாளுக்குத் 'தேநீர் வயது' என்றே பெயர். அரிசிக்கான எழுத்தைப் பிரித்தாலும் 88 வரும், ஆகவே 88 வயதுக்கு 'அரிசி வயது'.

சீனத் தத்துவ அறிஞர் ஃபெங் யூலானும் அவருடைய நண்பர் ஜின் யுவேலினும் 1895-இல் பிறந்தவர்கள். 1983-இல் இருவருக்கும் 88 ஆனபோது ஃபெங் ஒரு வாழ்த்து எழுதினார். அரிசியோடு நிற்பானேன், தேநீரில் சந்திப்போம் என்று அதில் சொல்லியிருந்தார். ஜின் அடுத்த ஆண்டே காலமானார். ஃபெங் 1990 நவம்பரில், 95 நிறையச் சில நாள்கள் இருக்கும்போது மறைந்தார்.